நுரை வராத சோப்பு

சோப்பு என்றால் நுரைக்க வேண்டும், மணக்க வேண்டும், கையை விட்டு வழுக்கி ஓடி நாலு தடவையாவது ஆளைக் குனிய வைக்க வேண்டும். தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த வெள்ளைக் கட்டிக்கு இதில் ஒன்றுக்கும் துப்பு கிடையாது. முகர்ந்தால் ஒன்றும் வராது. தேய்த்தால் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஒரு கலங்கல் வரும், அவ்வளவுதான். “இது சோப்பே இல்லாத சோப்பும்மா” என்று டாக்டர் சொன்னபோது, அப்புறம் என்னத்துக்கு இதைச் சோப்பு என்கிறீர்கள் என்று கேட்க நினைத்து, கேட்காமல், தலையை ஆட்டிவிட்டு வந்தவள் அமலோற்பவம். தலையாட்டுவது அவளுக்குச் சுலபமாக வரும். இன்றோடு பத்தாம் நாள். கட்டி தேய்ந்து பாதியாகியிருந்தது. பச்சிளங்குழந்தைகள் வார்டுக்கு வெளியே உள்ள கைகழுவும் தொட்டியில், எல்லாருக்குமான திரவ சோப்புப் புட்டிக்குப் பக்கத்தில், மூடி போட்ட நீல டப்பாவில், மேலே பிளாஸ்திரி ஒட்டி ‘அமலா மட்டும்’ என்று எழுதி அது இருந்தது. நாற்பத்து மூன்று வயதில், இருபத்தோரு வருஷ நர்ஸ் உத்தியோகத்தில், ஆஸ்பத்திரிக்குள் தன் பெயர் போட்டுத் தனியாக ஒரு சாமான் வைத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு அதனால் சந்தோஷமா வருத்தமா என்று பார்த்தாள். இரண்டும் இல்லை. மணி ஒன்பது இருபது. பத்து மணிக்கு மேட்ரன் பரிமளகாந்தி வந்து கையைப் பார்ப்பார். ஆறியிருந்தால் மறுபடி உள்ளே போய்க் குழந்தைகளைத் தொடலாம். ஆறாவிட்டால் கீழே ரெக்கார்டு ரூம். முதுகு போனவர்கள், முட்டி போனவர்கள், யாரோடும் ஒத்துப்போகாதவர்கள் எல்லாரும் உட்கார்ந்து பழைய கேஸ் கட்டுகளுக்கு நம்பர் போடும் இடம் அது. அங்கே இறங்கிய நர்ஸ் யாரும் திரும்பி மேலே ஏறியதாகச் சரித்திரம் இல்லை. இந்தப் பத்து நாளும் அவளை வாசலோரம் ஒரு மேஜையில் உட்கார வைத்திருந்தார்கள். எந்தக் குழந்தை எத்தனை மில்லி பால் குடித்தது, எத்தனை தடவை மூத்திரம் போனது என்று உள்ளேயிருந்து சொல்வார்கள், இவள் எழுதுவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தைகள், இந்தப் பக்கம் இவள்.

முழங்கையால் குழாயைத் திறந்து கையை நனைத்தாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நுனி, மணிக்கட்டு என்று வரிசை தவறாமல் தேய்த்தால்தான் கழுவியதாகக் கணக்கு. நாற்பது செகண்ட் ஆக வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் கை கழுவுவதில்லை, ஆளுக்கொரு அளவு வைத்திருக்கிறார்கள். சின்ன நர்ஸ் முத்தரசி ஏதோ சினிமாப் பாட்டில் பல்லவி முடிகிற வரைக்கும் தேய்ப்பாள். அமலோற்பவத்துக்கு மங்கள வார்த்தை ஜெபம், நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை. அது பிசகாமல் ஓடிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது ஒரு மாசமாக, ஜெபத்தில் தாயும் பிள்ளையும் வருகிற இடத்தில் தடுக்குகிறது. அடுத்த வார்த்தை வராது. சரி என்று முதலிலிருந்து ஆரம்பிப்பாள், மறுபடி அதே இடத்தில் நிற்கும். அதனால் ஆஸ்பத்திரியிலேயே அதிக நேரம் கழுவப்படும் கை அவளுடைய கைதான். அதிகம் கழுவினால் அதிகம் வெடிக்கும் என்று தோல் டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். மாதாவிடம் போய் அதை யார் சொல்வது? விரலிடுக்கில் அந்தக் கலங்கல் இறங்கியது. எரிகிறதா என்று கவனித்தாள். தெரியவில்லை. எரியாமல் இருப்பது ஒன்று, எரிவது தெரியாமல் இருப்பது ஒன்று. இது எந்த வகை என்று பத்து நாளாக அவளுக்குப் பிடிபடவில்லை. டாக்டர் மூன்றாம் நாள் கேட்டார், இல்லை என்றாள். ஏழாம் நாள் கேட்டார், இல்லை என்றாள். பொய் சொல்லவில்லை. மனசுக்குள்ளே போய்ப் பார்த்தால் அங்கே எரிச்சலும் இல்லை, வேறு எதுவும் இல்லை. வாடகைக்கு விட்ட வீடு காலியாகிக் கிடப்பது மாதிரி கிடந்தது. பல்லைப் பிடுங்க ஊசி போட்டால் உதடு இருக்கும், ஆனால் நம்முடைய உதடாக இருக்காது. அது ஒரு மணி நேரத்தில் சரியாகும். இது ஒரு மாசம்.

துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். ஒற்றிவிட்டு, டாக்டர் கொடுத்த களிம்பை மெலிசாகத் தடவிக்கொண்டு, மேஜையில் வந்து உட்கார்ந்து, கை இரண்டையும் வேறு யாருடையதோ போல முன்னால் வைத்தாள். மேட்ரன் வரும் வரைக்கும் கை எதையும் தொடாமல் அமைதியாக இருக்க வேண்டும். நன்றாகத்தான் இருந்தது, சொல்லப்போனால். புறங்கைச் சிவப்பு போய்விட்டது. மணிக்கட்டில் செதில் செதிலாக நின்றது உதிர்ந்து, கீழே புதுத்தோல் கொஞ்சம் வெளுப்பாக வந்திருந்தது. பிறந்ததிலிருந்து அவளை ஏமாற்றாத முதல் சோப்பு இதுதான். சின்ன வயதில் வீட்டில் ஒரு சிவப்பு சோப்பு இருக்கும், அதன் வாடையே கண்ணைக் கரிக்கும். அம்மா அவளை மணைப்பலகையில் உட்கார வைத்து, பீர்க்கங்கூட்டை எடுத்து, முழங்கை மடிப்பிலும் முட்டிக்குப் பின்னாலும் அதைப் போட்டு இழுத்தால் தோல் கூடவே வரும். அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. மகளுக்குப் பிறவியிலேயே இருந்த கரப்பானை அழுக்கு என்று நினைத்தாள், தேய்த்தால் போகும் என்று நினைத்தாள். மாசில்லாதவள் என்று பொருள் வரும் பெயரைப் பங்குச் சாமியார் வைத்துவிட்டுப் போய்விட்டார், அதை நிரூபிக்கும் பொறுப்பு அம்மா தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் கைகோத்துச் சுற்றுகிற விளையாட்டில் அவளுக்கு இரண்டு பக்கமும் நிற்கிற பிள்ளைகள் அவள் கையைப் பிடிக்காமல் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருத்தி மட்டும் பிடிப்பாள், பெயர் மறந்துவிட்டது, பிடித்துவிட்டுப் பாவாடையில் துடைத்துக்கொள்வாள். நர்சிங் படிக்கப் போன முதல் வருஷம், முதல் தடவை கையுறையை மாட்டியபோது அமலோற்பவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. டியூட்டர் என்னவோ ரத்தத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நினைத்தார். ரத்தமாவது ஒன்றாவது. அறையில் இருந்த இருபத்தெட்டு பேர் கையும் அன்றைக்கு ஒரே கையாக இருந்தது. கல்யாணம் ஆனபோது இஞ்ஞாசியிடம் முதல் ராத்திரியே கையைக் காட்டிச் சொல்லிவிட்டாள். அவன் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இதுக்கா இம்புட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க, நான் வேற என்னமோன்னு நெனச்சேன்” என்றான். மறுநாளிலிருந்து வீட்டில் புளி கரைப்பது, மிளகாய் கிள்ளுவது, இறால் உரிப்பது எல்லாம் அவன்தான். பதினெட்டு வருஷம். குழம்பு வைக்கத் தெரியாது, ஆனால் புளி கரைத்தால் ஒரு நார் இருக்காது. நேற்றுகூடக் கரைத்துக்கொண்டே கேட்டான், “என்னாச்சு உனக்கு? ஒரு மாசமா வீட்ல ஒரு ஆளு கொறையிற மாதிரி இருக்கு.” ஒன்றுமில்லை என்றாள். கை சரியாகிவிட்டால் சரியாகிவிடும் என்றாள். அவன் நம்பினானோ என்னவோ, சக்கையைப் பிழிந்து போட்டான்.

கை சரியாகிவிட்டது. ஒரே ஒரு இடத்தைத் தவிர. வலது கை ஆள்காட்டி விரல் நுனியில், ரேகைக்குக் குறுக்கே, ஒரு நூலளவு வெடிப்பு. ராத்திரி மூடிக்கொள்ளும், காலையில் நனைந்தால் திறந்துகொள்ளும். அதை இப்போது பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள். பார்க்கவில்லை. அந்த விரலைப் பற்றி இந்த வார்டில் ஒரு பேச்சு உண்டு. அமலாக்கா கை வைத்தால் நரம்பு தானாக வந்து நிற்கும் என்பார்கள். குறைமாசக் குழந்தையின் கையில் நரம்பு என்பது ஒரு தலைமுடி. சில நேரம் கண்ணுக்குத் தெரியாது, சில நேரம் தெரியும் ஆனால் ஊசியைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். அதைக் கண்ணால் தேடக்கூடாது. விரல் நுனியை வைத்துக் காத்திருக்க வேண்டும், லேசாக ஒரு எதிர்ப்பு, ஒரு சின்ன மெத்து, அதுதான். டாக்டர்மார்களே, நாலு தடவை குத்திவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “அமலாவைக் கூப்பிடுங்க” என்பார்கள். அவள் வருவாள். கையுறையை மாட்டுவாள். மாட்டிவிட்டு ஆள்காட்டி விரல் நுனியில் ரப்பரைப் பிடித்து இழுத்து ஒரு கிள்ளு. நுனி பிய்ந்து தனியாக வந்துவிடும். கையுறை போட்ட மாதிரியும் ஆயிற்று, வெறும் விரலும் கிடைத்தாயிற்று. ரப்பர் வழியாக அந்த மெத்தென்பது தெரியாது, ஒட்டுகிற பிளாஸ்திரியும் ரப்பரோடு ஒட்டிக்கொண்டு வரும். இதை யாரும் பாடம் எடுத்ததில்லை, எந்த நோட்டீஸ் போர்டிலும் இல்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும் யாரோ ஒருத்தி கிள்ளுவாள், பக்கத்தில் நிற்பவள் பார்ப்பாள். அமலோற்பவம் இருபது வருஷமாகக் கிள்ளுகிறாள். பூங்கோதை பிள்ளைக்கும் கிள்ளினாள்.

அந்த இடத்துக்கு வந்துவிட்டதும் மனசு வழக்கம்போலத் திரும்பி வேறு பக்கம் போகப் பார்த்தது. ஜன்னல் கம்பியில் துணி காய்கிறது. கீழே கேன்டீனில் வடைக்கு எண்ணெய் வைத்துவிட்டார்கள், வாடை வருகிறது. வடை. வடைக்கு உளுந்து ஊறப் போடச் சொல்லி ராத்திரி இஞ்ஞாசியிடம் சொல்ல வேண்டும். ஒன்றேகால் கிலோ. உளுந்து இல்லை, பிள்ளை. பெண் பிள்ளை, ஒன்றேகால் கிலோ, தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற பூங்கோதைக்கு எட்டாம் மாசம் ஆரம்பத்திலேயே பிறந்தது. இன்னும் பெயர் வைக்கவில்லை, காலில் கட்டின அட்டையில் ‘பூங்கோதை குழந்தை’ என்றுதான் எழுதியிருந்தது. நாலாம் நாள், நரம்பு வழியாக மருந்து ஏற்றுகிற லைன் கழன்றுவிட்டது. இவளைக் கூப்பிட்டார்கள். விரல் நுனியில் அன்றைக்கும் இதே வெடிப்பு, மேலே ஒரு துண்டு பிளாஸ்திரி சுற்றியிருந்தாள். பிளாஸ்திரி இருந்தால் எதுவும் தட்டுப்படாது. உரித்து எறிந்தாள், கழுவினாள், நன்றாகத்தான் கழுவினாள், ஜெபம் அன்றைக்குத் தடுக்கவில்லை, கையுறை மாட்டினாள், கிள்ளினாள். ஒரே குத்து. பிள்ளை சிணுங்கக்கூட இல்லை. பக்கத்தில் நின்ற டாக்டர் “ஆகா” என்றார். இவளுக்குப் பெருமையாக இருந்தது. ஆமாம், பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். ஆறாம் நாள் பிள்ளை பாலை வேண்டாம் என்றது. ஏழாம் நாள் உடம்பு சாம்பல் பூத்தது. ரத்தத்தில் கிருமி என்று ரிப்போர்ட் வந்தது. பதினோராம் நாள் காலையில் போய்விட்டது. குறைமாசத்தில் இது நடக்கிறதுதான் என்று டாக்டர் சொன்னார், அது நிஜம். கிருமி வருவதற்கு ஆயிரம் வழி இருக்கிறது, அதுவும் நிஜம். தண்ணீரில் வரலாம். பால் குழாயில் வரலாம். டாக்டர் காதில் மாட்டுகிற குழாயில், செல்போனில், ஏசியில், பஞ்சில், தாயின் கையில். ஆயிரம் வழியையும் அவள் எண்ணிவிட்டாள். எண்ணி முடிக்கும்போதெல்லாம் ஒன்று மிச்சம் விழுகிறது. யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ? கேட்காததால் தப்பித்தாளா, அல்லது கேட்காததால்தான் இப்படிக் கிடக்கிறாளா? சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். முழந்தாள்படியிட்டு, கோபம் வந்தது சாமி, ஜெபமாலை சொல்லவில்லை சாமி, என்று இரண்டு சில்லறைப் பாவத்தைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அதைக்கூடத் தாங்கலாம். தாங்க முடியாதது ஒன்று உண்டு, அதை அவள் இந்த ஒரு மாசத்தில் இரண்டு தடவைக்கு மேல் நினைத்ததில்லை, இப்போது கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் அது வந்துவிட்டது. பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்த பிறகு பூங்கோதையின் புருஷன் வண்டி பார்க்கப் போயிருந்தான். பூங்கோதை நடையில் இவளைத் தேடிக்கொண்டு வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்து இவள் நின்றாள். பூங்கோதை இவளுடைய வலது கையைப் பிடித்தாள். சட்டைக் கையை இல்லை, கையை. பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “எல்லாரும் போட்டுக் குத்துனாங்க சிஸ்டர். நீங்க ஒருத்தர்தான் எம்புள்ளைக்கு வலிக்காமப் போட்டீங்க” என்றாள். அந்தக் கண் சூடாக இருந்தது. இவள் தலையை ஆட்டினாள். அதற்கும் தலையைத்தான் ஆட்டினாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள், தூங்கினாள், மறுநாள் வேலைக்கு வந்தாள். விரல் நமைக்கவில்லை. எதுவும் நமைக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவளை ஒரு நாள் விடாமல் அரித்த உடம்பு அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டது.

வார்டுக் கதவு திறந்தது. முத்தரசி பாதி உடம்பை மட்டும் வெளியே நீட்டினாள். ஏழு மாசமாக இந்த வார்டில் இருக்கிறாள், வேலைக்கு அஞ்சாதவள், பேச்சுக்கு அதைவிட அஞ்சாதவள்.

“அமலாக்கா, மேட்ரன் வந்தாச்சா?”

“இன்னும் இல்ல. என்ன?”

“மூணாம் நம்பர்ல காலைல வந்துச்சுல்லக்கா, அந்த ஆம்பளப் புள்ள. லைன் கெடைக்கல. நான் ரெண்டு தடவ பாத்துட்டேன். டாக்டர் சிசேரியன்ல நிக்கிறாங்க. நீங்க வந்துருவீங்க, கொஞ்சம் பொறுப்போம்னு உள்ள பேசிக்கிட்டு இருக்கோம்.”

“நரம்பு தெரியலையா?”

“எங்க தெரியுது? இந்தா பாருங்க, உங்கள மாதிரி நானும் நுனியக் கிள்ளிட்டுத்தான் பாத்தேன். அப்பயும் ஒண்ணும் தட்டுப்படல.”

முத்தரசி கையைத் தூக்கிக் காட்டினாள். வெளிர்நிறக் கையுறை, அதில் ஆள்காட்டி விரல் மட்டும் நுனி பிய்ந்து, நகத்தில் பாதி மருதாணியோடு வெளியே தெரிந்தது. “சீக்கிரம் வாங்கக்கா” என்று சொல்லிவிட்டுக் கதவை விட்டாள்.

அமலோற்பவம் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணிடம் அவள் ஒரு நாளும் இப்படிச் செய் என்று சொன்னதில்லை. சொல்லவேண்டியதில்லை. பக்கத்தில் நின்றிருக்கிறாள், பார்த்திருக்கிறாள். அவள் மட்டும்தானா? ராத்திரி டியூட்டியில் இரண்டு பேர், பகலில் மூன்று பேர். போன வருஷம் மதுரைக்கு மாறிப்போனவள், அதற்கு முந்தின வருஷம் துபாய்க்குப் போனவள். அமலாக்கா கை என்று அவர்கள் சொன்னது இதைத்தான். அவள் விரலில் வெடிப்பு இருக்கிறது, முத்தரசி விரலில் மருதாணி இருக்கிறது, இன்னொருத்தி விரலில் என்ன இருக்குமோ. தான் ரெக்கார்டு ரூமுக்குப் போனாலும் இந்த விரல் இங்கேயேதான் இருக்கும் என்று அவளுக்குப் பட்டது. பட்டதும், மேஜைமேல் வைத்திருந்த கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பயமாக இருக்கும். பயம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மறந்தே போயிருந்தது. வேண்டாம், இதை இப்போது பார்க்க வேண்டாம். கை ஆறிவிட்டது, அந்தப் பிள்ளைக்கு லைன் வேண்டும், உள்ளே போகலாம். போய், நுனியைக் கிள்ளாமல் முயற்சி பண்ணலாம். கிள்ளாமல் கிடைக்குமா? கிடைக்காது, அது அவளுக்குத் தெரியும். கிடைக்காதபோது எல்லாரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். பிள்ளை முனகும். அப்போது கை தானாகக் கிள்ளும். இருபது வருஷத்துக் கை.

மேட்ரன் பரிமளகாந்தி பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். கனத்த உடம்பு, மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. உட்காரவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “கைய நீட்டு” என்றார். நீட்டினாள். புறங்கையைப் பார்த்தார், திருப்பச் சொன்னார், விரலை விரிக்கச் சொன்னார். முகம் மலர்ந்தது.

“பரவால்லையே! அந்தச் சோப்பு நல்லா கேட்டுருக்கே. எரிச்சல் இருக்கா?”

“இல்ல மேடம்.”

“அரிப்பு?”

“இல்ல.”

“அப்பறம் என்ன? நான் கையெழுத்துப் போட்டுர்றேன். ரெக்கார்டு ரூமுக்கு வேற யாரையாச்சும் பாத்துக்கலாம். நீ உள்ள போ, அந்தப் புள்ளைக்கு லைன் போடு மொதல்ல. டாக்டர் வர இன்னும் அரை மணி நேரம் ஆகுமாம்.”

கேட்டது கிடைத்துவிட்டது. எழுந்து, சுவரில் இருந்த பெட்டியிலிருந்து கையுறையை உருவி, இடது கையில் மாட்டி, வலது கையில் மாட்டினாள். மேட்ரன் கதவைத் தோளால் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து வார்டின் வெதுவெதுப்பும் பால் வாடையும் வந்தது. இந்த வாடைக்காகத்தான் பத்து நாளும் அந்தக் கட்டியைத் தேய்த்தாள். மூன்றாம் நம்பர் வார்மர் படுக்கையில், சூட்டு விளக்குக்குக் கீழே, காலை உதறிக்கொண்டு அந்தப் பிள்ளை கிடந்தது. பக்கத்தில் முத்தரசி. அமலோற்பவம் ஓர் அடி எடுத்து வைத்தாள். அப்போது கீழே குனிந்து பார்த்தால், அவளுடைய இடது கை, அவளைக் கேட்காமல், வலது ஆள்காட்டி விரல் நுனி ரப்பரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“மேடம்” என்றாள்.

“ம்?”

“இந்த விரல் ஆறல.”

“பாத்தேன், பாத்தேன். அது ஒரு நூலு. கிளவுஸ் போட்டுருக்கல்ல?”

“கிளவுஸ் நுனியக் கிள்ளிட்டுத்தான் மேடம் நான் நரம்பு பாப்பேன்.” குரல் தன்னுடையது மாதிரி இல்லை. ஆனால் வந்துகொண்டே இருந்தது. “பூங்கோதை புள்ளைக்கும் அப்பிடித்தான் பாத்தேன். அன்னைக்கும் இதுல வெடிப்பு இருந்துச்சு.”

மேட்ரன் பிடித்திருந்த கதவை மெல்ல விட்டார். அது மூடிக்கொண்டது. பிறகு பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், கெட்டவர் போல இல்லாமல், ஒரு மூத்த அக்கா மாதிரியே சொன்னார்.

“அமலா, இங்க பாரு. நீ எங்கிட்ட எதுவும் சொல்லல. நான் எதுவும் கேக்கல. அந்தப் புள்ளைக்குக் கிருமி வர்றதுக்கு ஆயிரம் வழி இருக்கு. இதுதான்னு யாரு சொன்னா? ஒருத்தரும் சொல்ல முடியாது. இத வாயத் தெறந்து சொன்னா ஒன் வேலை மட்டும் இல்ல, இந்த வார்டையே இழுத்து மூடுவான். கைய மறுபடி கழுவிட்டு உள்ள போ. போம்மா.”

அமலோற்பவம் கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குப் போனாள். சொன்னதைச் செய்கிற காலும் கையும் அவளுக்கு. நீல டப்பாவைத் திறந்து, கட்டியை எடுத்து, தேய்த்தாள். ஆயிரம் வழி. ஒரு மாசமாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அதே வார்த்தை, இன்னொருவர் வாயிலிருந்து, அதே மாதிரி அன்பாக. இந்த அம்மாவுக்கும் இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. எத்தனை வருஷமாகத் தெரியும், எத்தனை பேருக்கு இதே மாதிரி பக்கத்தில் வந்து சொல்லியிருப்பார்? அந்தக் கலங்கல் தண்ணீர் விரல் நுனிக்கு இறங்கியது. சுரீரென்றது. கையை உதறினாள். மறுபடி சுரீரென்றது. யாரோ மிளகாயை அரைத்து அந்த ஒரு நூலுக்குள் வைத்து அழுத்தினது மாதிரி எரிந்தது, விரலில் ஆரம்பித்து முழங்கை வரைக்கும் ஏறியது. பத்து நாளும் இப்படித்தான் எரிந்திருக்குமோ, இவள்தான் வீட்டில் இல்லையோ. அம்மா என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள். கத்தின கையோடு அழுகை வந்தது. ஒன்றேகால் கிலோ, பெயர்கூட வைக்கவில்லை, சிணுங்கக்கூட இல்லை. அந்தப் பெண் இந்தக் கையைக் கொண்டுபோய்க் கண்ணில் ஒற்றினாளே.

“என்னாச்சு?” என்று மேட்ரன் ஓடிவந்தார்.

“எரியுது மேடம்.”

“சரி சரி, தண்ணில காட்டு. நான் சொன்னது புரிஞ்சுச்சா?”

“புரிஞ்சுச்சு.” ஈரக் கையோடு போய் வார்டுக் கதவைத் தள்ளினாள். உள்ளே போகவில்லை, வாசலிலேயே நின்றாள். “ஆனா நான் சொன்னேன் மேடம். சொல்லலன்னு சொல்லாதீங்க.”

மேட்ரன் அவள் தோளைப் பிடித்தார். உள்ளே நாலு நர்சுகளும் திரும்பிப் பார்த்தார்கள். அமலோற்பவம் கதவைக் காலால் அடைகொடுத்து நிறுத்திக்கொண்டாள்.

“முத்தரசி, அந்தக் கிளவுஸக் கழத்திப் போடு. இனிமே ஒருத்தரும் நுனியக் கிள்ளாதீங்க. சிசேரியன்ல போய் டாக்டரக் கையோட கூட்டிட்டு வா, ஓடு. புண்ணு இருந்த விரல வெறுசா வச்சு நான் பூங்கோதை புள்ளைக்கு நரம்பு பாத்தேன். அதுக்கப்பறந்தான் அதுக்குக் கிருமி வந்துச்சு. அதனாலதான் வந்துச்சான்னு எனக்குத் தெரியாது.”

முத்தரசி தன் விரலைப் பார்த்தாள். கையுறையை உரித்துப் போட்டுவிட்டு, அவளைத் தாண்டி மாடிப்படிக்கு ஓடினாள். மூன்றாம் நம்பர் பிள்ளை அழ ஆரம்பித்தது.

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். “சொல்லிட்டேல்ல,” என்றார் கடைசியில். “சந்தோஷமா? இப்ப அந்தப் பொண்ணுக்கு யாரு போய்ச் சொல்றது?”

“நான்தான் மேடம் சொல்லணும்” என்றாள் அமலோற்பவம். “எங்கையத்தான் அவ கண்ணுல ஒத்திக்கிட்டா.”